கொம்பன் நின்ற வாசல்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகிற தெருவில் ஹிதாயத்துல்லாவின் செருப்புக்கடையைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரை இறக்கிய பிறகு அந்தக் கடையின் மாடியில் ஆட்கள் வெட்டுப்பட்டு விழுவது, விழ வைக்கிற அவருக்கும் இன்னும் மூன்று பேருக்கும் மட்டும்தான் தெரியும்.

அது ஒரு விளையாட்டு. சென்னையில் ஒரு கம்பெனியில் ராத்திரி வேலை பார்த்த காலத்தில், கூட இருந்த பையன்கள் லீவு நாளில் வட்டமாக உட்கார்ந்து ஆடுவதைப் பார்த்து அவரும் சேர்ந்துகொண்டார். வாப்பா படுத்த படுக்கையானதும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து கடையில் உட்கார்ந்தார். கொண்டுவந்த பெட்டியில் துணிமணிகளோடு இருபது முகமுள்ள ஒரு பகடையும் இருந்தது.

ஆட்டம் இதுதான். ஆடுகிற ஒவ்வொருவருக்கும் கதைக்குள் ஓர் ஆள் உண்டு. நடுவில் ஒருவர் கதை சொல்வார். எதிரே இடிந்த கோட்டை, உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார். வாளை வீசுகிறேன் என்று ஒருவர் சொன்னால், வீச்சு பட்டதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பகடைக்கு எண்ணைத் தவிர வேறொன்றும் தெரியாது. பெரிய எண் விழுந்தால் பட்டது, சின்ன எண் விழுந்தால் தவறியது, அவ்வளவுதான். எப்படிப் பட்டது, எங்கே பட்டது, பட்டவன் முகம் எப்படிக் கோணியது என்பதெல்லாம் கதை சொல்கிறவர் பாடு. செத்த எண்ணுக்கு உயிர் கொடுக்கிற அந்த வேலையில் ஹிதாயத்துல்லாவுக்கு ஈடாக சென்னையில்கூட ஒருவர் இருந்ததில்லை.

காரணம் அவர் தொழில். மற்றவர்கள் சண்டையைக் கையிலிருந்து சொல்வார்கள். அவர் காலிலிருந்து சொல்வார். பகல் முழுக்க அடுத்தவர் பாதத்தைக் குனிந்து பார்க்கிறவர் அல்லவா? எந்தக் காலில் பாரம் போட்டு நிற்கிறான், எந்தக் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, பயந்தவனின் விரல்கள் செருப்புக்குள் எப்படிச் சுருளும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அரக்கன் கோடரியை ஓங்கும்போது அவன் இடது முழங்கால் லேசாக மடங்கியதை முதலில் சொல்லி, அதற்குப் பிறகுதான் கோடரி இறங்கும். கேட்கிறவர்களுக்குத் தங்கள் முழங்காலும் மடங்கும்.

மேசை மேல் செருப்பு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதில் பாதையும் ஆறும் வரைந்திருக்கும். எதிரிகளுக்குக் கடலை மிட்டாய். கடலை மிட்டாய்க்கடை மாரிசெல்வம் கொண்டுவரும் உடைந்த துண்டுகள்தான் ஓநாய், பேய், படைவீரன் எல்லாம். யார் கொல்கிறார்களோ அவர்கள் அதைத் தின்னலாம் என்பது அந்த மேசையின் சட்டம். மாரிசெல்வத்தின் ஆள் ஒரு மந்திரவாதி. ஹிதாயத்துல்லாவின் மனைவி ஜன்னதுல் பிர்தௌஸுக்கு மின்னி என்று ஒரு வில்லாளி. வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டாலே ஒதுங்கிப்போகிற பிர்தௌஸ், மின்னியாக உட்கார்ந்துவிட்டால் எதிரியின் கண்ணைத் தவிர வேறு எங்கும் அம்பு விடமாட்டாள்.

மூன்றாவது ஆள் லிங்கராஜ். நூல்மில்லில் ஷிப்ட் வேலை. புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சின்ன வயதிலேயே அக்காவோடு டவுனுக்குப் பிழைக்க வந்தவன். அவனுடைய ஆளின் பெயர் கொம்பன். கேடயமும் ஈட்டியும் உள்ள முரடன். கதைக்குள் எந்த வாசல் வந்தாலும், குகையோ கோட்டையோ பாழும் வீடோ, கதை சொல்கிறவர் வாயை மூடுவதற்குள் லிங்கராஜ் சொல்லிவிடுவான்: "நான் முதல்ல போறேன்."

மாரிசெல்வத்துக்கு அது ஒரு கேலிப்பொருள். கக்கூஸ் கதவானாலும் கொம்பன்தான் முதலில் போவான் என்பான். லிங்கராஜும் சிரிப்பான். ஏன் அப்படிச் சொல்கிறான் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. ஹிதாயத்துல்லாவுக்கு மட்டும் தெரிந்தது, ஒரு மழை மதியத்திலிருந்து.

அன்று அக்காவுக்குச் செருப்பு வாங்க வந்திருந்தான். அக்கா சந்தனமாரி அதிகம் வெளியே வருகிறவள் அல்ல. அவள் பாதத்தை அட்டையில் வரைந்து தம்பிதான் எடுத்து வருவான். மழை பிடித்துக்கொண்டது. தெருவில் ஆளில்லை. கடைக்கு வரும் வழியில் ஒரு காலி மனையைக் குறுக்கே கடந்திருக்கிறான். இரண்டு காலிலும் கரிசல் மண் அப்பி, செருப்பு இன்னொரு மடங்கு கனமாகியிருந்தது. வாசலில் உட்கார்ந்து குச்சியால் மண்ணைச் சுரண்டியவன், சுரண்டுவதை நிறுத்திவிட்டு அந்த மண்ணையே பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

ஊரில் ஆபீஸ் என்று சொல்கிற ஒரு சின்னத் தீப்பெட்டித் தொழிற்சாலையில் அவனும் அக்காவும் வேலை பார்த்த காலம். இப்போது அந்த ஆபீஸ் இல்லை. அக்கா உள்ளே தீக்குச்சியைப் பெட்டியில் அடைப்பாள். அவன் வெளியே பண்டல் தூக்குவான். ஒருநாள் உள்ளே பற்றிக்கொண்டது. எல்லாரும் ஓடி வந்தார்கள். அக்கா வரவில்லை. அவன் வாசலுக்கு ஓடினான்.

"வாசல் வரைக்கும் போயிட்டேன் அண்ணாச்சி. அதுக்கு மேல கால் வரல. மழைக்கப்புறம் கரிசல்ல நின்னா எப்படி இருக்கும், தூக்கத் தூக்கக் கீழ இழுக்குமே, அப்படி. வெறும் சிமெண்ட் தரைதான் அது."

அக்கா தானாகத்தான் தட்டுத்தடுமாறி வெளியே வந்தாள். கைகள் இரண்டும் வெந்திருந்தன. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவளே சொன்னாளாம், நல்லவேளை நீ லோடு ஏத்திட்டு லாரியில போயிருந்தே, இல்லாட்டி நீ உள்ள பாஞ்சிருப்ப என்று. அவன் ஆமாம் என்றுவிட்டான். அன்றிலிருந்து அந்த ஆமாமோடுதான் ஒரே வீட்டில் அவளோடு சோறு தின்கிறான்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றான். ஹிதாயத்துல்லா கால் துடைக்க ஒரு துணியை எடுத்துக் கொடுத்து, "என்னோட இருக்கும்லே" என்றார். சொன்னபோது அவர் மனதில் துளி கள்ளம் கிடையாது. அல்லாஹ் அறிய அது உண்மை. ஆனால் வாக்கைக் கொடுத்தது ஒரு ஹிதாயத்துல்லா. ஞாயிற்றுக்கிழமை மதியம் கதை சொல்ல உட்கார்கிறவர் வேறு ஒருவர். அந்த இரண்டாமவருக்கு யாரோடும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாம் அவருக்கு விறகு.

அந்த ஞாயிறு வந்தது.

கதையில் ஒரு கோட்டை முற்றுகை. கோட்டை மதில் கட்டுவதற்கு வழக்கமாகக் காலித் தீப்பெட்டிகளைத்தான் அடுக்குவார். இந்த ஊரில் வேறு எது அவ்வளவு சுலபமாகக் கிடைக்கும்? எத்தனையோ வாரமாக லிங்கராஜ் முன்னால் அவற்றை அடுக்கியிருக்கிறார். அந்த மழைக்குப் பிறகும் அடுக்கினார். அது தவறாக அவருக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் பின்னால் அவரை உறுத்தியது.

எதிரிகள் கோட்டைக்குள் இருந்த தானியக் கிடங்குக்குத் தீ வைத்தார்கள். கிடங்குக்குள் மின்னி மாட்டிக்கொண்டாள். பிர்தௌஸ் மேசையில் முழங்கையை ஊன்றி, யாராவது வாங்களேன் என்று குரல் கொடுத்தாள். லிங்கராஜ் அந்த வார்த்தை முடிவதற்குள் சொன்னான், நான் முதல்ல போறேன் என்று. தீக்குள் நுழைய ஒரு முறை பகடை உருட்ட வேண்டும். அது ஆட்டத்தின் விதி. உருட்டினான். பகடை தீப்பெட்டி மதிலில் இடித்து, திரும்பி, ஒன்றில் நின்றது.

இருபது முகத்தில் அதைவிட மோசமான முகம் இல்லை.

நன்றாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. பகடை சொன்னது ஒன்றே ஒன்று: கொம்பனால் போக முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று அது சொல்லவில்லை. மேலே இருந்து உத்தரம் விழுந்து வழியை மறித்தது என்று சொல்லியிருக்கலாம். புகை கண்ணை மறைத்தது என்று சொல்லியிருக்கலாம். பின்னாலிருந்து ஒருவன் கொம்பனைப் பிடித்து இழுத்தான் என்று சொல்லியிருந்தால்கூட ஆட்டம் அழகாகப் போயிருக்கும். மூன்று பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நாக்கில் ஒரு வரி தயாராக வந்து நின்றது. எங்கிருந்து வந்தது என்று யோசிக்க அவகாசமில்லை. இல்லை, அவகாசம் இருந்தது. அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"கொம்பன் வாசல் வரைக்கும் ஓடுதான்" என்று குரலை இறக்கிச் சொன்னார். "உள்ளேருந்து மின்னி கூப்பிடுதா. வலது காலத் தூக்குதான். வரல. இடது காலத் தூக்குதான். அதுவும் வரல. வெறுங் கல்தரைதான். ஆனா மழைக்கப்புறம் கரிசல்ல நிக்க மாதிரி, தூக்கத் தூக்கக் கீழ இழுக்குது."

சொல்லும்போதே லிங்கராஜின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்திலிருந்து ஒவ்வொன்றாக எல்லாம் வெளியேறிக்கொண்டிருந்தது. சிரிப்பு போயிற்று, கண்ணில் இருந்த வெளிச்சம் போயிற்று, கடைசியில் அவனே அங்கிருந்து போய்விட்டான், உடம்பு மட்டும் நாற்காலியில் இருந்தது. ஹிதாயத்துல்லா அதைப் பார்த்தார். அதே நேரம் மேசையின் அமைதியையும் பார்த்தார். மாரிசெல்வம் வாயில் போட்ட மிட்டாயைக் கடிக்காமல் வைத்திருந்தான். பிர்தௌஸின் கை தொண்டையில் இருந்தது. இத்தனை வருடத்தில் அப்படி ஓர் அமைதி அவருக்குக் கிடைத்ததே இல்லை.

அவர் நிறுத்தவில்லை. கொம்பனின் விரல்கள் செருப்புக்குள் சுருண்டதைச் சொன்னார். அவன் உதடு ஒரு பெயரைச் சொல்லப் பார்த்துச் சொல்லாமல் மூடியதைச் சொன்னார். உள்ளே கூப்பிட்ட குரல் நின்றுபோனதையும் சொன்னார்.

மாரிசெல்வம்தான் அமைதியை உடைத்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். "என்னலே கொம்பா, கக்கூஸ் கதவுக்கெல்லாம் முதல்ல போவ. ஒரு பொம்பளப்புள்ள உள்ள வேகுதா, வாசல்ல நின்னு வேடிக்க பாக்க" என்றான்.

லிங்கராஜ் எழுந்தான். மில்லில் ஷிப்ட் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், மறந்துவிட்டேன் என்றான். படியில் இறங்கும்போது தடுமாறவில்லை. ஷட்டரைத் தூக்கி, வெளியே போய், மறுபடி பதவிசாக இறக்கிவிட்டுத்தான் போனான். அந்தப் பதவிசுதான் ஹிதாயத்துல்லாவைக் கொன்றது.

மாரிசெல்வம் போன பிறகு பிர்தௌஸ் தீப்பெட்டிகளைப் பைக்குள் அள்ளிப் போட்டாள். அவள் எதையும் கேட்கிற ரகமில்லை, பார்த்துவிடுகிற ரகம்.

"அந்தத் தம்பிக்கு ஏதோ இருக்கு. நீங்க அதத் தெரிஞ்சேதான் சொன்னீங்க" என்றாள்.

அவர் பகடையை எடுத்துப் பெட்டியில் போட்டார். அவள் அதற்கு மேல் கேட்காமல் பையின் வாயைக் கட்டினாள்.

அந்த வாரம் அவர் வியாபாரத்தில் ஒரு ஜோடியில் வலது கால் ஒரு சைஸும் இடது கால் ஒரு சைஸுமாகக் கட்டிக் கொடுத்தார்; வாங்கிப்போன அம்மாள் திரும்பி வந்து ஏசிவிட்டுப் போனாள். வாடிக்கையாளரின் பாதத்துக்கு முன்னால் குனிகிறபோதெல்லாம் தரை கறுப்பாகத் தெரிந்தது. லிங்கராஜுக்குப் போன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. வெள்ளிக்கிழமை தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தவருக்கு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. மன்னிப்பை அங்கே கேட்டுவிடலாம். படைத்தவனுக்கு எதிராகவா அவர் பாவம் செய்தார்? நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதனுக்கு எதிராகச் செய்தார். அவனல்லவா கொடுக்க வேண்டும்?

அடுத்த ஞாயிறு லிங்கராஜ் வரவில்லை. மாரிசெல்வம் மட்டும் வந்து மிட்டாயை வைத்துவிட்டு, எதிரிகள் தின்னப்படாமல் கிடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை மதியம் ஹிதாயத்துல்லா ஒரு ஜோடிச் செருப்பைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். சந்தனமாரியின் அளவு அவருக்கு மனப்பாடம். வெறுங்கையோடு போக அவருக்குத் தைரியம் இல்லை.

ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு. கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒரு பெண் தரையில் உட்கார்ந்து சிறுவர் சட்டைகளின் நூல் பிசிறுகளை வெட்டிக்கொண்டிருந்தாள். புதியம்புத்தூரில் தைத்து மூட்டையாக வருகிற சட்டைகள். இரண்டு முன்கைகளிலும் தோல் மெழுகு உருகி உறைந்தது போல் இருந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் ஒட்டிப்போயிருந்தன. அந்தக் கையால் துணியை அமுக்கிக்கொண்டு மறு கையால் கத்தரித்தாள்.

லிங்கராஜ் இருக்கானா என்று கேட்டார். அவள் நிமிர்ந்து பார்த்து, பெரிதாகச் சிரித்தாள்.

"செருப்புக்கடை பாயா? வாங்க, உக்காருங்க. குரல்லயே தெரிஞ்சிட்டு. அவன் உங்கள மாதிரியே குரல வச்சிக்கிட்டுத்தான கதை சொல்லுவான்."

அவருக்குப் புரியவில்லை. அவள் விவரம் சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் லிங்கராஜ் வீட்டுக்கு வந்ததும் அன்றைய சண்டையை ஒன்று விடாமல் அவளுக்குச் சொல்வானாம். ஓநாய் எந்தக் காலில் நொண்டியது, மின்னியின் அம்பு எந்தக் கண்ணில் ஏறியது எல்லாம். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு இவள் கேட்பாளாம். கொம்பன் என்றால் இவளுக்கு உசிர். எந்த வாசலுக்கும் முதலில் போகிற பிள்ளையாயிற்றே.

"போன சண்டைக்கு மட்டும் என்னமோ வாயத் திறக்க மாட்டேங்கான். கொம்பனுக்கு ஏதும் ஆயிட்டா பாய்? செத்துகித்துப் போயிட்டானா?"

ஹிதாயத்துல்லா காகிதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வந்தவர் அவர். இவளிடம் என்ன என்று கேட்பது? நடந்ததைச் சொன்னால் தம்பியின் ரகசியத்தை இரண்டாம் முறையும் சந்தியில் வைத்தவர் ஆவார், அதுவும் யாரிடம் சொல்லக்கூடாதோ அவளிடமே. சொல்லாமல் எழுந்து போனால் இவள் தம்பியைத் துருவுவாள். திருடியவன் திருப்பிக் கொடுக்க வந்து வாசலில் நிற்கிறான், ஆனால் கொடுத்தால் வீடு இடியும். அப்படி ஒரு நிலை.

அவர் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். கதை சொன்னார்.

கிடங்கு எரிந்ததைச் சொன்னார். மின்னி கூப்பிட்டதைச் சொன்னார். கொம்பன் வாசலுக்கு ஓடியதைச் சொன்னார். அவன் ஒரு கணம்கூட நிற்கவில்லை என்று சொன்னார். கேடயத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான், எரிகிற தானியத்தை மிதித்துக்கொண்டு போனான், பாதம் வெந்தது, மின்னியைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபக்கச் சுவரை உடைத்து வெளியே வந்தான். நன்றாகத்தான் சொன்னார். அவருக்கே அவர் குரல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நன்றாகச் சொன்னார். சந்தனமாரியின் கத்தரி நின்றுவிட்டது.

"பொய் சொல்லாதீங்க அண்ணாச்சி."

லிங்கராஜ் மில் பையோடு வாசலில் நின்றான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. அவன் ஹிதாயத்துல்லாவைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

"கொம்பன் உள்ள போகலக்கா. வாசல்லயே நின்னுட்டான். கால் வரல அவனுக்கு."

கொம்பனைப் பற்றிய பேச்சு இல்லை அது என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.

சந்தனமாரி கையிலிருந்த சட்டையைத் திருப்பினாள். ஒரு பிசிறைத் தேடிக் கண்டுபிடித்து வெட்டினாள்.

"தெரியும்லே" என்றாள்.

அவன் அப்படியே நின்றான்.

"உள்ள ஒரே புகை. சுவர் எது, வாசல் எதுன்னு தெரியல. அங்கன மஞ்சளா ஒண்ணு தெரிஞ்சிச்சி. உன்னோட மஞ்சச் சட்டை. அசையாம நின்னுச்சி. சரி, அதான் வாசல்னு தவழ்ந்து வந்தேன். நீ உள்ள வந்திருந்தேன்னா நானும் வெளிய வந்திருக்க மாட்டேன், நீயும் வந்திருக்க மாட்ட."

பிறகு, லாரியில் போயிருந்தாய் என்று அன்றைக்கு ஏன் சொன்னாள் என்பதையும் அவளே சொன்னாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லையாம். ஒரு பொய்யைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வான் என்று நினைத்தாளாம். ஒருநாள் அவனாகவே வந்து இல்லையென்று சொல்வான் என்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

லிங்கராஜ் அவளருகில் சரிந்து உட்கார்ந்தான். அவளுடைய ஒட்டிப்போன விரல்களை எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினான். மூட்டையிலிருந்த சட்டைகள் சரிந்து அவன் மேல் விழுந்தன. யாரும் எடுத்து வைக்கவில்லை.

அந்த நேரத்தில் ஹிதாயத்துல்லாவுக்குள் நடந்ததை எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். அவர் கண் கலங்கியிருந்தது, அது உண்மை. கலங்கிய கண்ணோடேயே அவருக்குள் இருந்த அந்த இரண்டாமவர், மஞ்சள் சட்டை என்பதை எடுத்து ஓர் ஓரமாக வைத்துக்கொண்டார். என்ன அருமையான இடம், புகைக்குள் ஒரு மஞ்சள் நிறம் என்று. அதோடும் விடவில்லை. இது நிஜமாகவே நடந்ததா, இல்லை தம்பிக்காக இந்த நிமிஷம் அவள் கட்டிய கதையா, நான் சொல்லியிருந்தாலும் இப்படித்தானே ஒரு நிறத்தை வைத்திருப்பேன் என்றும் யோசித்தார். அவளிடம் அதைக் கேட்க இந்த உலகத்தில் அவருக்கு உரிமை கிடையாது. யோசித்ததற்கே தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மடியில் செருப்பு இருந்தது.

அதை வைத்துவிட்டு எழுந்தார். லிங்கராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருமுனை வரை கூட வந்தான். வழியனுப்ப வரவில்லை, கேட்க வந்தான்.

"அன்னைக்குச் சொல்லும்போது எம்மூஞ்சியப் பாத்தீங்கள்லா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா சொன்னீங்க?"

"ஆமாலே." வேறு என்ன சொல்வது? "அவிய ரெண்டு பேரும் மூச்சப் பிடிச்சிக்கிட்டுக் கேட்டாவ. நிறுத்த மனசு வரல."

அவர் எத்தனையோ சொல்ல வேண்டும் என்று ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்தார். அந்த ஒன்றைச் சொன்ன பிறகு மற்ற எதற்கும் அர்த்தமில்லாமல் போயிற்று. லிங்கராஜ் தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். அடிப்பான் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீங்க சொன்னதாலதான் நான் இன்னைக்கு அவட்ட சொன்னேன்னு நெனச்சிக்கிடாதீங்க அண்ணாச்சி. அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

அப்படித்தான் நினைத்து ஆறுதல் அடையலாம் என்று ஹிதாயத்துல்லா திட்டம் வைத்திருந்தார். அதையும் அவன் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். நியாயம்தான்.

பல ஞாயிறுகள் மாடி பூட்டியே கிடந்தது. மாரிசெல்வம் பஜாரில் பார்க்கும்போதெல்லாம், பாய் படைவீரனெல்லாம் டப்பாவுல நமத்துப் போறான் என்று குறைப்பட்டான். பிர்தௌஸ் ஒருநாள் தீப்பெட்டிப் பையைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டு, மதிலுக்கென்று செருப்பு வார் சுற்றி வரும் அட்டைச் சுருளைத் துடைத்து எடுத்து வைத்தாள்.

பிறகு ஒரு ஞாயிறு லிங்கராஜ் வந்தான். ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்து, மாடியேறி, தன் நாற்காலியில் உட்கார்ந்தான். மாரிசெல்வத்தைப் போன் போட்டு வரவழைத்தார்கள். மின்னியைக் கிடங்கிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டியிருந்ததால், பின்சுவரில் ஒரு ஓட்டை இருந்தது என்று முடிவு செய்துகொண்டார்கள். எதிரிகள் துரத்தி வந்தார்கள். சண்டை மூண்டது.

ஹிதாயத்துல்லாவுக்கு வாய் வரவில்லை. மாரிசெல்வத்தின் மந்திரம் பட்டது. "பட்டுச்சி. விழுந்துட்டான்" என்றார். பிர்தௌஸின் அம்பு பட்டது. "அதுவும் பட்டுச்சி" என்றார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூன்று முகத்தையும் பார்த்தார். இதில் யாருடைய எதை நான் எடுக்கிறேன் என்று தேடினார். தேடி முடிப்பதற்குள் வரி செத்துவிட்டது. மாரிசெல்வம் மிட்டாயை எடுத்துத் தின்றுகொண்டே, ரேஷன் கடையில் அட்டை நம்பர் கூப்பிடுவதுகூட இதைவிட விறுவிறுப்பாக இருக்கும் என்றான்.

லிங்கராஜ்தான் சொன்னான். "இப்படிச் சொன்னா வீட்ல போயி நான் அக்காட்ட என்னத்தச் சொல்ல?"

அதில் மன்னிப்பு இருந்ததா என்று ஹிதாயத்துல்லா பின்னால் பல இரவு புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறார். இருந்த மாதிரித் தெரியவில்லை. வேலையைச் செய் என்பதுதான் இருந்தது. அவர் தண்ணீர் குடித்துவிட்டு, எதிரித் தலைவன் எந்தக் குதிகாலை ஊன்றி நிற்கிறான் என்பதிலிருந்து ஆரம்பித்தார்.

ஆட்டத்தின் முடிவில் ஊர்ச்சனங்கள் இருட்டில் கோட்டையை விட்டு ஓடவேண்டி வந்தது. ஒரே ஒரு வாசல். மாரிசெல்வம் வழக்கம்போல் லிங்கராஜைப் பார்த்துச் சிரித்தபடி, நீதான முதல்ல என்றான்.

லிங்கராஜ் தலையாட்டினான்.

"கொம்பன் போகல. வாசல்லயே நிக்கான். மத்தவங்களுக்கு வாசல் தெரியணும்லா."

அவன் பகடையை உருட்டினான். பெரிய எண் விழுந்தது. மூன்று பேரும் ஹிதாயத்துல்லாவின் வாயைப் பார்த்தார்கள்.

வரி வந்தது. வராமல் இருக்குமா? கொம்பனின் மேல்துணி என்ன நிறம், இருட்டுக்குள் அது எப்படித் தெரிந்தது, அதைப் பார்த்துப் பார்த்துச் சனங்கள் எப்படித் தவழ்ந்து வந்தார்கள் என்று முழுதாக, பழுதில்லாமல், நாக்கின் நுனியில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் மறுபடியும் அந்த அமைதி விழுந்திருக்கும். அவருக்கு அது தெரியும். பிர்தௌஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்கான்" என்றார் ஹிதாயத்துல்லா. "எல்லாரும் வெளிய வந்துட்டாங்க."

அவ்வளவுதானா என்று மாரிசெல்வம் முனகினான். மேசையில் மிச்சமிருந்த ஒரு மிட்டாயை லிங்கராஜ் எடுத்தான். தின்னவில்லை. காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், வீட்டுக்கு. ஹிதாயத்துல்லா நாக்கில் நின்ற வரியை விழுங்கினார். அது இறங்கவில்லை. இன்றுவரை இறங்கவில்லை.